வாளும் வாலும்

3-5-1957, வெள்ளி

கருணாகரன் இன்று கதைக்கான படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். முப்பத்திரண்டு பக்கம். ராஜகுமாரன் வீரகேதுவுக்கு வால் வைத்திருக்கிறான்.

சின்ன வால் இல்லை. இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற வால். பாம்பை வாலால்தான் நெரிக்கிறான், பூதத்தை அதனால்தான் அடிக்கிறான். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

“இது என்னப்பா?”

“வால் லா, அண்ணே. எக்கோர்.” தன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

அவன் சிட்டி ஆள் – பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து, வீட்டிலும் மலாயே பேசுகிற தமிழ் வம்சம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, சினிமாக் கொட்டகைக்குப் போர்டு எழுதுகிறவன். தமிழ் தெரியாது. கதையை ஐந்து நாள் உட்காரவைத்து மலாயில் சொன்னேன். மந்திரவாளை மட்டும் தமிழிலேயே சொன்னேன். மலாயில் ‘பெடாங்’ என்று சொன்னால் சிப்பாய் இடுப்பில் தொங்குகிற சாமான் மாதிரி இருக்கிறது, இதுவோ மந்திரவாள். அவன் போய்த் தன் பெரியம்மாவைக் கேட்டிருக்கிறான். அந்த அம்மாளுக்கு நாலைந்து தமிழ்ச் சொல் தெரியும். வால் என்றால் எக்கோர் என்று சொல்லிவிட்டது.

கத்திவிட்டேன். “ராஜகுமாரனைக் குரங்காக்கிட்டியே!” அவன் படங்களை மேசையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

5-5-57, ஞாயிறு

என் கடைக்கு இன்று விடுமுறை. கதையை முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

நாற்பத்தோராம் வருஷம், புக்கிட் ரம்பாய் பக்கம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். இருபது வயசு. இந்தக் கதை வாராவாரம் பத்திரிகையில் வரும். நான் வெட்டியெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து வைத்தேன். நாற்பது வாரம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் வேறு பிரதி கிடையாது.

அப்போது வீரகேதுதான் எனக்குப் பெரிசு. இன்று படித்தால் மந்திரவாதி கபாலசித்தன்தான் புத்திசாலி. உயிரை ஏழு குகையில் பங்கு போட்டு ஒளித்து வைக்கிறான். ஒரே கிடங்கில் எல்லாச் சரக்கையும் அடுக்காதவன். வீரகேது யோசிக்கிறதே இல்லை, எதிரே வந்ததை வெட்டுகிறான். ஆனாலும் ஆறாம் குகையில் ஒரு மந்திரக்காரி தன் மோதிரத்தைக் கழற்றி அவனுக்குக் கொடுக்கிற இடத்தை இன்றும் இரண்டு தரம் படித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏழாம் குகையில் வாள் ஒடிகிறது. வாசல் மூடிக்கொள்கிறது. ‘வரும் வாரம் முற்றும்.’ வரும் வாரம் குண்டு விழுந்தது, பத்திரிகை வரவில்லை.

பதினாறு வருஷமாக அவன் உள்ளேயே இருக்கிறான்.

முடிவை இன்று நானே கட்டிவிட்டேன் – வாசலோரம் இன்னொரு வாள் கிடக்கிறது, எடுத்து உடைத்துக்கொண்டு வருகிறான் என்று. ருக்மணி கேட்டுவிட்டு, “அது எங்கேருந்து வந்துச்சு? நம்ம கடையில வாங்கினானா?” என்றாள். கட்டினவளாக இருந்தாலும் சில நேரம் வாயை மூடலாம்.

19-5-57

தெங்கேராவில் யூசுப் ராவுத்தர் அச்சகத்துக்குப் போனேன். சிப்பாய்கள் போட்டுவிட்டுப் போகிற இங்கிலீஷ் கோமிக் படக்கதைப் புத்தகங்களைக் கடையில் தொங்கவிட்டால், எழுத்துத் தெரியாத பிள்ளைகள்கூடப் படத்துக்காக வாங்குகிறார்கள். கத்தி, பூதம், சூனியக்காரி. நம்மிடம் இல்லாத கதையா? மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஊரே திரளும்போது தமிழில் ஒன்று கையில் இருக்கவேண்டும் என்பது என் கணக்கு.

ராவுத்தர் கத்தரிப்புகளைப் புரட்டினார். “இது யாரு எழுதினது?”

“பேரு இல்ல பாய். ‘தோட்டத்து அன்பர்’னு போட்டிருக்கு. செத்திருப்பாரு.”

“செத்திருப்பாரா? தோட்டத்துக் கிராணி நல்லையா எழுதினதுய்யா இது! செமாபோக்ல இருக்காரு, போன மாசம் எங்கிட்ட ரசீதுப் புக் அடிச்சாரு. அவரு சரின்னு சொல்லாம என் மெஷின் ஓடாது.”

ராத்திரி ருக்மணியிடம் சொன்னேன். “நீங்க சொன்னா ஒரு ஆளு செத்துருவாரா?” என்றாள்.

26-5-57

செமாபோக் போகவில்லை. கடையில் வேலை.

பொய். வேலை இல்லை.

2-6-57, ஞாயிறு

போனேன். படங்களைக் கொண்டுபோகவில்லை, வெட்கம். கத்தரிப்புகளை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போனேன்.

நல்லையா யாழ்ப்பாணத்து ஆள். தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாகக் கணக்கெழுதினவர். வெள்ளை வேட்டி, கண்ணாடி, நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். துணியை அவிழ்த்ததும் முதல் தாளைத் தொட்டார், மோந்துகூடப் பார்த்தார்.

“இது எங்கை கிடைச்சது உமக்கு?”

சொன்னேன். யப்பான்காரன் வந்த கிழமை பயத்தில் தன் பிரதி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாராம். பெண்சாதி கண் முன்னால். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

“முடிவு என்னங்க ஐயா?” பதினாறு வருஷக் கேள்வி.

“அது எனக்கும் தெரியாது. எப்பிடி வெளியில எடுக்கிறது எண்டு தெரியாமல் ஏதோ கிறுக்கி அனுப்பினனான். அது வராதது நல்லதுதான்.”

படம் வரைந்ததையும் அச்சடிக்கிற விஷயத்தையும் எடுத்தேன். முகம் மாறியது. “கேளாமல் படமும் கீறிப்போட்டு இப்ப வாறீர். மாட்டன். இதை இஞ்சை வைச்சிட்டுப் போம்.”

இருக்கிற ஒரே பிரதி. அதைக் கொடுத்தால் என் கையில் என்ன இருக்கிறது? பேரத்தில் கடைசிச் சரக்கைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கிற வியாபாரி உண்டா? கையை எடுக்க முடியவில்லை. பிறகு எடுத்தேன். அவருடையதுதானே அது.

3-6-57

நடந்ததைக் கேட்டுவிட்டு ருக்மணி மீனில் பெரிய துண்டை எனக்கு வைத்தாள்.

12-6-57

நல்லையா ஆள் அனுப்பியிருந்தார். ‘ஞாயிறு படங்களுடன் வரவும். கீறின பெடியனையும் கூட்டி வரவும்.’

‘பெடியன்’ முப்பது தாண்டினவன், என்னோடு பேச்சு இல்லை. வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வாசலில் நின்று மலாயில் என்னைத் திட்டியது: தான் அறுபது வருஷமாகக் கோயிலுக்குப் போய்த் தமிழ் கேட்கிறதாம், வால் எது என்று தனக்குத் தெரியாதா என்று. நின்று வாங்கிக்கொண்டேன். கருணாகரன் வரச் சம்மதித்தான்.

16-6-57, ஞாயிறு

கருணாகரன் சைக்கிளின் பின்னால் நான், என் மடியில் படக்கட்டு. வெயில்.

நல்லையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒன்று ஒன்றாகப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

“இது என்ன?”

“பெரிய தப்பு, ஐயா. நான் வால்னு சொன்னேன், இவன் வால்னு நினைச்சிட்டான்.”

“என்னெண்டு சொன்னனீர்? இன்னொருக்காச் சொல்லும்.”

“வால்.”

“வெட்டுறதுக்கு என்ன பேர்?”

“வால்.”

“மாட்டின்ரை பின்னுக்கு ஆடுறது?”

“வால்...”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா ஓடிவந்து, “என்னப்பா, என்ன நடந்தது?” என்று பயந்துவிட்டார். “பெடியன்ரை கையில பிழை இல்லை. இந்த மனிசன்ரை நாக்கிலைதான் பிழை!” அதைக் கருணாகரனுக்கு அவரே மலாயில் சொல்லவும் அவனும் சிரித்தான். நான் மட்டும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாசமாக அவன்மேல் போட்ட பழி.

பிறகு சிரிப்பு நின்றது. அவர் கடைசிப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். மூடின குகை. கூரையில் ஒரு சின்ன வெளிச்ச ஓட்டை, கருணாகரன் அழகுக்குப் போட்டது.

“வாள் ஒடிஞ்சிட்டுது. கை எட்டாது,” என்றார் மெதுவாக. “வால் எட்டும்.”

விரலால் அந்த ஓட்டையைத் தொட்டார்.

“மந்திரக்காரி மோதிரம் குடுத்தவள்தானே? அதைப் போட்ட நாளே அவனுக்கு வால் முளைச்சிட்டுது. வெட்கத்தில இடுப்பில சுத்தி மறைச்சு வைச்சிருக்கிறான், ஒருத்தருக்கும் சொல்லயில்லை. கடைசியில அதுதான் காப்பாத்துது.” கருணாகரனிடம் திரும்பி அதையே மலாயில் சொல்லி, “போலே?” என்றார். முடியுமா என்று. அவன் பென்சிலை எடுத்துவிட்டான்.

வீரகேது வெளியே வந்துவிட்டான். நான் பார்த்தேன்.

பேசி முடித்தவை: ஆறாம் குகை வரை வாலை அழித்துக் கையில் வாள் வரைவது. மோதிரத்துக்குப் பின் வால் இடுப்பில், கடைசிப் பக்கத்துக்கு முன் அவிழாது. அட்டையில் நல்லையா, கருணாகரன் பெயர் ஒரே அளவு. என் பெயர் பின்னால், கடை முகவரியோடு. கத்தரிப்புகள் அவரிடமே இருக்கும். விலை முப்பது காசு, அதில் எழுதினவருக்கு ஐந்து, வரைந்தவருக்கு ஐந்து. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் முன்னால் நான் வாய்விட்டுப் படிக்கவேண்டும் – ‘ள’ சரியாக வரும்வரை.