இடப்பக்கம் வரைந்த சமையலறை

என் பிரியத்துக்குரிய கோவிந்தண்ணே,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் காலமாகி இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இப்போது எழுதக் காரணம் பயம்தான். இதைச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் முதியோர் நிலையம் நடக்கிறது. வியாழக்கிழமைதோறும் போகிறேன். கவிதா என்ற பல்கலைக்கழகப் பெண் அங்கே ஒரு கருவி கொண்டுவருகிறாள். கண்ணை மூடிக் கட்டும் பெரிய கண்ணாடி. பாதி ஹெல்மெட் போலிருக்கும். மாட்டியதும் அறை மறைந்து வேறோர் இடம் நம்மைச் சுற்றி வந்துவிடுகிறது. வெளியே போக முடியாத வயதானவர்களுக்கு மனத்தெம்பு தருமாம். நம் எதிர்வரிசை சரோஜா அக்கா அதில் காசிக்குப் போய் வந்து, "காலே நனையலையே, பாவம் எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

நான் கேட்டது நம் ரயில்வே குவார்ட்டர்ஸை. அது இடிபட்டு அங்கே அடுக்குமாடி நிற்பது உங்களுக்கே தெரியும். "பிளான் இருந்தா எங்க வீட்டையும் செஞ்சு தருவியாம்மா?" என்றேன். அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கட்டடப் படம் வரைந்தவன் அல்லவா? கட்டம் போட்ட தாளில் அளவெடுத்து வரைந்தேன். புத்தகப்பை மாட்டும் ஆணியைக்கூட விடவில்லை. கவிதா அப்படியே கட்டி எழுப்பினாள்.

கண்ணாடியை முதலில் சரோஜா அக்காவிடம் கொடுத்ததுதான் வினை.

"என்னா ஞானம், அடுப்படிய இடது பக்கம் கொண்டு வச்சிருக்க? உங்க வீட்டுல வலது பக்கம் லா! உங்கம்மாகிட்ட மாவு வாங்க எத்தன தடவ வந்திருப்பேன்! வீட்ட இடிச்சவன்கூட இப்படி இடிக்கலப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வரைந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

கிள்ளானில் இருக்கும் என் மகள் செல்வி முன்பே சொல்லிவிட்டாள். "ஒரு தடவ எதையாவது மறந்தாலும் இங்க வந்துடணும்பா. அப்புறம் தனியா விடமாட்டேன்." அதற்காகவே கேஸ் அடுப்பை இரண்டு முறை பார்க்கிறேன், பூட்டியதை நோட்டில் எழுதுகிறேன். அப்படிப்பட்டவன் பிறந்து வளர்ந்த வீட்டின் சமையலறையைத் தொலைத்துவிட்டேன். ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்து எது போகும்? செல்வியின் பெயரா?

அடுத்த வியாழன் நானே மாட்டிக்கொண்டேன். சக்கரமில்லாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"கைய விட்டுறாதம்மா."

"இங்கதான் இருக்கேன் அங்கிள். மெதுவா போங்க."

உட்கார்ந்தபடியே கைப்பொத்தானை அழுத்தி அழுத்திக் கூடத்தைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்தேன். கதவுநிலையில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்கள் அம்மா நம் இருவரையும் அங்கே நிறுத்தி, தலையில் அடிக்கோலை வைத்து இழுத்த கோடுகள். மேலே உங்களுடையது, கீழே என்னுடையது. ஒன்றுவிடாமல் நானே வரைந்து கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் யாரும் என் உயரத்தை அளந்ததில்லை, அண்ணே.

அப்போதுதான் புரிந்தது. நான் வரைந்தது அடுத்த வீட்டை, உங்கள் வீட்டை. நடுச்சுவர் ஒன்று; அதன் இரு பக்கமும் இடம் வலம் மாற்றிக் கட்டிய இரட்டை வீடுகள். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார், வீட்டில் சத்தம் கூடாது. பள்ளி விட்டதும் நான் நுழைந்தது உங்கள் பின்வாசலில்தான். பாடம் எழுதியது, சாப்பிட்டது எல்லாம் அங்கேதான். இதை அவர்களிடம் வாய்விட்டே சொன்னேன்.

"அதானே பார்த்தேன், இது கோவிந்து வீடுலா!" என்றார் சரோஜா அக்கா.

"அப்ப ஈஸி அங்கிள்," என்றாள் கவிதா. "ஒரு பட்டன தட்டுனா இடது வலதா மாறிடும். உங்க வீடு வந்துடும்."

தட்டிவிட்டாள். சமையலறை வலப்பக்கம் போனது. எதிரே அப்பாவின் அறை, சாத்திய கதவு. கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் படம். தெரிந்தும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்தேன். போதும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

மறதி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்த அறையை வரைய உட்கார்ந்தால் பென்சில் நகரவில்லை. நான் அதை மறந்துவிட்டேனா, இல்லை, எப்போதுமே பார்க்கவில்லையா? அப்பா இறந்த அன்றுகூட முதலில் உள்ளே போனது நீங்கள். நான் வாசலில் நின்றேன். கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது, அண்ணே? அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?

ஞாயிற்றுக்கிழமை செல்வி வருகிறாள். சமையலறை, கோடுகள், இந்த அறை, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவேன். அவள் என்ன முடிவு எடுப்பாளோ, அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் மறைக்க மாட்டேன்.

வரும் வியாழன் அந்தக் கதவைத் திறப்பேன். வெறும் அறையாக இருந்தாலும் உள்ளே போய் நிற்பேன். கவிதாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: இரண்டு வீட்டையும் பழையபடி ஒட்டியே கட்ட வேண்டும், உங்கள் பின்வாசல் திறந்தே இருக்கட்டும். பயந்தால் ஓடிவர எனக்கு வேறு வழி தெரியாது.

உங்கள் கதவுநிலையில் கீழ்க்கோடாய் நிற்கும் தம்பி,
சிவஞானம்