சிரித்தால் சுருங்கும் கண்

அன்புள்ள அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதீர்கள். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் வேலை செய்யும் வீட்டு முதலாளியம்மா படம் வரைகிறவர். தூரிகைகளைக் கழுவாமல் நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, மதியத்தில் எனக்கும் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுத் தருகிறார். உங்கள் மகனைத்தான், போட்டோவைப் பார்த்து வரைகிறேன். கன்னத்து நிழலுக்குப் பச்சை வைக்கச் சொன்னார்.

"எம் புருஷன் என்ன பச்சோந்தியாம்மா?" என்றேன்.

"வச்சுட்டு நாலடி தள்ளி நின்னு பாரு, அப்புறம் பேசு."

தள்ளி நின்றேன். அத்தை, பச்சையே தெரியவில்லை! சவரம் செய்த மறுநாள் இருக்குமே, அந்தக் கன்னம் தெரிந்தது.

"போட்டோவுல மாதிரியே முறைக்கிறாரே, சிரிக்கவே மாட்டாரா?" என்று கேட்டார்.

சிரித்தால் அவருக்கு ஒரு கண் மட்டும் சுருங்கும். வரையப் போனேன், எந்தக் கண் என்று தெரியவில்லை. பதினொரு வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். அவர் தவறிப்போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் அழவில்லை, பயப்படாதீர்கள். வரைந்த கண்களைத் துணியால் துடைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்த வண்ணம் காயப் பல நாள் ஆகுமாம். அதற்குள் எந்தக் கண் என்று எழுதுங்கள். உங்களுக்கும் ஞாபகம் இல்லாவிட்டால், கண்ணாடி முன் நின்று ஒருமுறை சிரியுங்கள். அவருக்கு உங்கள் முகம்தானே. கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், அதனால் சுருங்குகிற கண்ணைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார். கட்டாயம் சிரியுங்கள், அத்தை.