பத்து லிட்டர் சுடுதண்ணி

23 ஜனவரி 2006, திங்கள்

காலை மைனஸ் ஆறு. நான் குடியிருக்கும் வோன்வாகன் என்ற வீட்டு வண்டிக்கு அடியில் பெரிய தட்டு அளவு பனிக்கட்டி. பாய்லர் பத்து லிட்டரையும் வெளியே கக்கிவிட்டது. இந்த மாதம் நாலாவது தடவை. சனியன்.

பக்கத்து வண்டி ஹெல்முட் கிழவர் குனிந்து பார்த்தார். பழுதில்லையாம். குளிர் கூடினால் வால்வு தானே திறந்து தண்ணீரை விட்டுவிடும், இல்லாவிட்டால் தொட்டி உறைந்து வெடிக்கும். "வேலைக்குப் போகும்போது அறையின் காஸ் ஹீட்டரைச் சின்னதாக எரியவிட்டுப் போ. வால்வு திறக்காது." தலையாட்டினேன். ஆள் இல்லாத வீட்டில் நெருப்பை எரியவிட்டுப் போவதா? எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போவதென்றாலும் அடுப்பை அணைத்து, இன்னொருக்கா திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள். அவருக்கு இது எங்கே விளங்கும்.

சனி 11 மணி: சிறுவர் அலுவலகப் பெண்மணி ஆரணியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளை தங்கக்கூடிய இடம் என்று அவர் எழுதினால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை என் மகள் இரண்டு இரவு என்னோடு. நானும் வசந்தியும் பிரிந்து பதினொரு மாதம். இதுவரை ஒரு இரவுகூட இல்லை.

வேண்டியவை: புதுப் போர்வை. காஸ் சிலிண்டர். பாலில் கலக்கக் கக்காவ். படுக்கை விளக்குக்கு பல்ப். சுடுதண்ணி!!

24, செவ்வாய்

மைனஸ் இரண்டு. வால்வுக் குமிழில் உடுப்புக் கிளிப் ஒன்றைக் கொளுவினேன். இனி எப்படித் திறக்கும்? மாலை வந்து பார்த்தால் ஒரு சொட்டும் போகவில்லை. அரை மணித்தியாலத்தில் சுடுதண்ணி. தோய்ந்தேன். ஆகா. ஹெல்முட்டிடம் சொல்லவில்லை.

ஆரணியோடு போன்.

"அப்பா, அங்க தலை தோயலாமோ?"

"ஓம் குஞ்சு, வடிவாத் தோயலாம்."

பின்னால் வசந்தி: "வண்டிக்குள்ள பிள்ளையை விட ஏலாது எண்டு நான் எழுதிக் குடுத்திட்டன். அவையள் வந்து பாக்கட்டும்." போனை வைத்துவிட்டாள்.

27, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. ஓட்டல் சமையலறையில் இரண்டு ஷிஃப்ட், இரவும் அங்கேயே படுக்கை. நேற்று இரவு மைனஸ் பதினாலாம். வேலைக்குப் போகும்போது வழக்கம்போலக் காஸை மூடினேன். திரும்பி வந்தும் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

இன்று மதியம் வந்து ஹீட்டரைப் போட்டேன். வண்டி சூடேற ஏற, இருக்கைக்கு அடியிலிருந்து தண்ணீர். புதுப் போர்வை நனைந்தது. தொட்டியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. நான்தான் செய்தேன். வேறு ஒருவரும் இல்லை.

ஹெல்முட் கிளிப்பைக் கழற்றி என் கையில் வைத்தார். "ஹீட்டரையும் அணைத்தாயா?" ஓம். "ஏன்?" சொல்ல ஜெர்மன் வரவில்லை. பாவம் மனுசன், பாய்லருக்குப் போகும் குழாயை அடைத்துத் தந்தார். இனிப் பச்சைத்தண்ணி மட்டும் வரும். புதுப் பாய்லர் வரப் பத்து நாளாம்.

அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். டெர்மின் நாளை மாற்றினால் ஈஸ்டருக்குப் பிறகுதானாம். நாளைக்கே வாருங்கள் என்றேன். மடையன்.

28, சனி

வெயில். மைனஸ் எட்டு. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். போர்வை காயவில்லை, பழையதை விரித்தேன்.

11.05க்கு வந்தார்கள். ஆரணி வளர்ந்திருக்கிறாள். அந்தப் பெண்மணி நல்ல மாதிரி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். படுக்கை பார்த்தார். ஹீட்டர் பார்த்தார், தலையாட்டினார். பிறகு குழாயைத் திறந்து விரலை நீட்டினார். காத்திருந்தார்.

"சூடாக வருமா?"

வாயைத் திறந்தேன்.

ஆரணி முந்திக்கொண்டாள். ஜெர்மனில், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில்: "எனக்குப் பச்சைத்தண்ணியில் தோயத்தான் விருப்பம். வீட்டிலும் அப்படித்தான்." இரண்டு கையையும் குழாய்க்கு அடியில் பிடித்தாள். எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே நின்றாள். விரல்கள் சிவந்தன. "காணும் குஞ்சு, எடு" என்றேன். எடுக்கவில்லை. அந்தப் பெண்மணிதான் குழாயை மூடினார். என்னைப் பார்க்காமல் எழுதினார்.

பகலில் மட்டும். தங்குவது பற்றி ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்பார்களாம்.

கார் வரை அவளுடைய கைகளை என் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன். சூடேறவில்லை. கதவைச் சாத்த வேண்டும், விடுங்கள் என்றார் அந்தப் பெண்மணி.