இரண்டு எழுத்து தள்ளி

12-7-99, திங்கள்

காலையிலிருந்து விடாத மழை. வலியசாலைத் தெரு முழுக்கச் சேறு.

புதன்கிழமை மாமனார் திவசம். அதே புதன்கிழமை ஆராய்ச்சி சென்டரின் பெரிய கம்ப்யூட்டரில் என் முறை. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளைச் சூடாக்கிப் பிரித்து, ஆறவைத்து, திரும்பச் சேர்கின்றனவா என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். சேர்ந்தால் தீசிஸ். ஆகஸ்டோடு பதிவு காலாவதி.

திவசச் சமையல் மருமகள் கையால்தான். மத்தியானம் வாய் கூசாமல் சொன்னேன்: "அம்மா, நான் தூரம்."

கணக்குப்படி மாதவிலக்கு அடுத்த வாரம்தான். பின்கட்டு அறை, தனித் தட்டு, தனிப் பாய். கொல்லை வழியாக சென்டருக்குப் போய் வரலாம். அது போதும்.

13, செவ்வாய்

மழை. பாய் ஈரம். மனசு உறுத்துகிறது. கல்யாணத்துக்கப்புறமும் என்னைப் படிக்க விட்டவர் மாமனார்தான். அவர் திவசத்துக்கே பொய்.

சாயங்காலம் மாமியார், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று: "வாத்தியாரைக் கேட்டேன்டி. ஆத்துக்காரி தூரம்னா அஞ்சாம் நாள் பண்ணலாமாம். வெள்ளிக்கிழமை வெச்சாச்சு. நீயே சமைச்சுடலாம். அவருக்கு உன் பெரண்டைத் தொகையல்னா உசிரு."

சமையல் மாமிக்குச் சொல்வார் என்றல்லவா நினைத்தேன்! போகட்டும், புதன் தப்பியது.

14, புதன்

சூடாக்கியதும் இழைகள் அழகாகப் பிரிந்தன. ஆறவைத்தேன். சேர்ந்தன. கை தட்டப் போனேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் தன் ஜோடியை விட்டு இரண்டு எழுத்து தள்ளிச் சேர்ந்திருக்கிறது. சனியன்! தப்பான ஜோடிகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிரியவும் மாட்டேன், சரியாகவும் மாட்டேன் என்று மணிக்கணக்காக அப்படியே.

பக்கத்து சீட் ஷைலா: "அய்யோ, குடுங்கிப் போயல்லோ!" மாட்டிக்கொண்டதாம்.

என் தப்புதான். அவசரப்பட்டுச் சட்டென்று ஆறவைத்தேன். திரும்பச் சூடாக்கிப் பிரித்து, மெல்ல ஆறவிட வேண்டும்.

கைடு சார்: "ஃப்ரைடே மெஷின் ஃப்ரீயா இருக்கு, எடுத்துக்கோ. அது விட்டா ஓணம் கழிஞ்சுதான்."

வெள்ளிக்கிழமை. நானே தள்ளிவைத்த வெள்ளிக்கிழமை.

15, வியாழன்

தலைக்குக் குளித்து உள்ளே.

செய்ய: பிரண்டை நார் உரிக்க. எள். பாகற்காய். இவரிடம் பேச.

பேசினேன். பாதிதான். "நாளைக்குக் காலம்பற நான் போயே ஆகணும்."

"அப்பா திவசம்டி. உனக்காகத்தானே தள்ளியே வெச்சோம்? கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிடாது."

ஷைலா நாளை லீவு. வேறு யாருக்கும் என் புரோகிராம் தெரியாது. இவரிடம் மீதியையும் சொல்லியிருக்கலாம். பிரண்டை நார் உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

16, வெள்ளி

காலை ஆறு. மழை விட்டிருக்கிறது. பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நிஜமாகவே வந்துவிட்டது. ஒரு வாரம் முன்னாலேயே.

சொன்னால் அடுப்படி இல்லை, மெஷினுக்கும் போகலாம்; ஆனால் திங்கட்கிழமைப் பொய் அம்பலம். இவர், மாமியார், வாத்தியார், தெரு. சொல்லாவிட்டால் இந்தக் கையால்தான் மாமனாருக்குத் திவசச் சோறு. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஷைலாவிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

மாமியார் கதவைத் தட்டுகிறார். "ஆச்சாடி? மடிப்புடவை கொடியில இருக்கு. ஒன்பதுக்கு வாத்தியார் வந்துடுவார். அடுப்பு மூட்டணும்."

"இதோ வந்துட்டேம்மா" என்றேன்.