உபுட் மியூசியங்களும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளையும்

மே 7, புதன்

தையல் கடைக்கு இன்று விடுமுறை. ஊர்க்கண் படாமல் கோமாங்கைப் பார்க்க உபுட்டில் ஒரே பத்திரமான இடம் மியூசியம்தான். இங்கே பிறந்தவன் எவன் காசு கொடுத்து உள்ளே போகிறான்? வெளிநாட்டுக்காரர்களைக் காரில் கொண்டுவந்து இறக்கும் கோமாங்கே இத்தனை வருஷமாக வாசலோடு நின்றவர்தான்.

ஆனால் உள்ளே — அடேயப்பா! ஒரு படம் முழுக்கச் சேவல் சண்டை. நூறு பேராவது இருப்பார்கள், ஒருத்தன் முகம் மாதிரி இன்னொருத்தன் முகம் இல்லை. ஓரத்தில் ஒருவன் மட்டும் சண்டையைப் பார்க்காமல் பக்கத்து ஆளின் இடுப்பையே பார்க்கிறான். ஏன்? வீடு வரும்வரை அதே யோசனை.

"நீ என்னப் பாக்க வந்தியா, படத்தப் பாக்க வந்தியா?" என்றார் கோமாங்.

மே 14

வேறு மியூசியம். ஆற்றில் குளிக்கும் பெண்கள் படம். கோமாங் ரொம்ப நேரம் கலையை ரசித்தார். கிள்ளினேன்.

மே 16

அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. நான் புகுந்த வீடு போய்விட்டால் எங்கள் வீட்டுக் கோயிலில் முன்னோருக்குப் படையல் வைக்க ஆள் இல்லையாம். வீட்டோடு மாப்பிள்ளைதான் வேண்டுமாம். அப்படி வருகிறவன் வழக்கப்படி பெண் மாதிரி, நான்தான் ஆண். நாங்கள் போய் அவனைக் கேட்க வேண்டும். அவன் தன் முன்னோரிடம் விடைபெற்று வர வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் முன்னோர்தான் அவனுக்கும்.

கோமாங்குக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். வரலாம். வருவாரா?

மே 21

கேட்டேவிட்டேன், கறுப்பு மையில் தீட்டிய ஒரு காட்டுப் படத்தின் முன்னால்.

"அண்ணனுங்க சும்மா விடுவானுங்களா? 'என்ன மருமகளே, சமையல் ஆச்சா'ன்னு ஓட்டுவானுங்க."

"அதுக்கா பயம்?"

"அதுக்கில்ல முர்த்தினி. செத்துப்போன எங்கப்பா எங்க வீட்டுக் கோயில் மேடைலதான் இருக்காரு. அவருகிட்டப் போயி, நான் இனிமே உங்க பிள்ளை இல்லன்னு எப்படிச் சொல்றது?"

படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இலைக்கு இலை தனித்தனிக் கோடு. எப்படித்தான் பொறுமை வந்ததோ வரைந்தவனுக்கு!

மே 28

ஐயோ, மானம் போச்சு. கோமாங்கின் அம்மா மோப்பம் பிடித்து மியூசியத்துக்கே வந்துவிட்டாள், டிக்கெட் வாங்கிக்கொண்டு! திட்ட வாயைத் திறந்தவள், மேடைமேல் இருந்த பழைய கோயில் முகமூடியைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவிகளா, சாமிய வெறும் வயிறா நிக்க வச்சிருக்கீங்களே!"

பையிலிருந்து பூத்தட்டை எடுத்து வைத்து ஊதுபத்தியையும் கொளுத்திவிட்டாள். புகை மணி அலறியது. காவலர் நெங்கா ஓடிவந்தார். முதலில் முகமூடியைக் கும்பிட்டார், அப்புறம்தான் கத்தினார்.

பத்தியை அணைத்தும் அவள் கிளம்பவில்லை. "டிக்கெட் வாங்கியிருக்கேன்ல!" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லாக் கூடமும் சுற்றினாள். ஒவ்வொரு படத்திலும் படையலை மட்டும் சோதனை போட்டாள். "இந்தப் பழம் இந்த வரிசையில வராது. ஒருநாளாவது பழத்த அடுக்கிப் படையல் கட்டியிருந்தா தெரியும், வரைஞ்சவனுக்கு." உண்மைதான், நான் கவனிக்கவேயில்லை.

வாசலில்தான் கேட்டாள்: "உங்க வீட்டுல படையல் யாரு கட்டுறது?"

"நான்தான். அம்மா இல்ல."

"நீயும் எங்க வீட்டுக்கு வந்துட்டா?"

நான் பின்னால் வந்த கோமாங்கைப் பார்த்தேன்.

"அப்ப உங்கம்மா பட்டினியா கிடப்பா?" என்றாள். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. மகனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

ஜூன் 11

அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை கேட்கப் போனார். சரி என்றார்கள். பெரிய அண்ணன் மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டாராம்.

ஆகஸ்ட் 20

இன்று விடைபெறும் சடங்கு. அவர்கள் வீட்டு மேடை முன்னால் குனிந்த கோமாங் எழவேயில்லை. பூசாரி கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் அவர் அம்மாதான் வந்து முதுகைத் தட்டினாள்: "எந்திரிடா. அப்பாவுக்கு நாங்க இருக்கோம்."

காரில் ஏறியதும் விம்மி விம்மி அழுதார், புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி. இந்தக் கல்யாணத்தில் நான்தானே ஆண்? இந்த நேரத்தில் ஆண்கள் என்ன செய்வார்கள்? எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்!

கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீடு வரும்வரை விடவில்லை.