வீட்டில் யாரெல்லாம் இருப்பீங்க?

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். போனது நானும் பாத்திமா அக்காவும் மட்டும். வாடகைக்குக் குடியிருப்போர் சங்கம் என்று பெயர்தான். வருகிறேன் என்ற பாக்கிப் பேர் யாரும் வரவில்லை. லீவு போட்டால் சம்பளம் போகும். குறை சொல்ல முடியாது.

கேட்டவை: வாடகைச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும். திடீரென்று காலி செய்யச் சொல்லக் கூடாது. சாதி, மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது. வயதானவர், நோயாளி இருக்கிறார் என்று விரட்டக் கூடாது.

மனுவை வாங்கியவர் படித்துப் பார்க்கவில்லை. "அக்ரிமெண்ட் இருக்காம்மா?"

"அதத்தான் சார் எழுதித் தர மாட்டேங்குறாங்க."

ஒரு சீல். அடுத்த ஆள்.

செருப்பு வார் அறுந்தது. கோரிப்பாளையம் வரை இழுத்துக்கொண்டே நடை.

ஜூன் 11, புதன்

புழுக்கம். கேஸ் புக் பண்ண வேண்டும். அப்பாவுக்கு இருமல் மருந்து.

ஓனர் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அப்பா உள்ளே கட்டிலில். காலமெல்லாம் மில் பஞ்சைத் தின்ற நெஞ்சு, இருமினால் தெருவுக்கே கேட்கும்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. ஆவணியில மகளுக்குக் கல்யாணம். அந்த நேரம் வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? அப்பாவ ஊருல விட்டுரு. இல்லன்னா வேற வீடு பாத்துக்க."

எந்த ஊரில்? அங்கே இருந்த வீட்டை விற்றுத்தான் எனக்குக் கல்யாணம் செய்தார்.

கூட்டத்தில் மைக் பிடித்து அவ்வளவு பேசுகிறேன். அக்காவிடம் "சரிக்கா" என்று மட்டும்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காளவாசல் பக்கம் இரண்டு வீடு. "வயசானவுக இருக்காகளா?" ஆமாம் என்றதும், "அடடா, நேத்தே பேசி முடிச்சுட்டமே." டூ-லெட் போர்டு அப்படியே தொங்குகிறது.

பாத்திமா அக்கா போனில்: "எங்க பேரக் கேட்டதுமே வீடு முடிஞ்சிரும்மா. ஒனக்காச்சும் ரெண்டாவது கேள்வி வரைக்கும் போகுது." சிரித்தோம். கால் வலி. என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து தோசை ஊற்றினார்.

ஜூன் 15, ஞாயிறு

காற்று, புழுதி. கே.கே. நகரில் ஒரு வீடு. அப்பா தானும் வருவேன் என்று அடம். தலைக்கு டை அடித்திருந்தார், காதோரமெல்லாம் கறுப்பு. இஸ்திரி போட்ட சட்டை. "என்னைய நேருல பாத்தா ஓனரு பயப்பட மாட்டாரு."

வீடு நல்ல வெளிச்சம். மாடிப்படி இல்லை.

"வீட்டுல யாரெல்லாம் இருப்பீங்க?" வீட்டுக்காரர் கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிச் சண்டையே போடுவது என்று இருந்தேன். வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மகளும் மாப்ளயும் மட்டுந்தான் சார். நான் ஊருல இருக்கேன். சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்."

இருமலை அடக்கி அடக்கி முகமெல்லாம் சிவந்திருந்தது. அட்வான்ஸ் கொடுத்தோம்.

ஆட்டோவில் ஏறியதும் இருமித் தீர்த்தார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "சாமானெல்லாம் மொதல்ல போகட்டும். என்னைய இருட்டுனப்பறம் கூட்டிட்டுப் போ."