என் வாசலைக் காட்டிப் பிழைத்த தம்பிக்கு

இன்று காலை உன் பெண்சாதி வந்தாள். நீ வெள்ளைக்காரர்களுக்கு ஊர் காட்டப் போகும்போது மாட்டிக்கொள்ளும் வெள்ளைத் தொப்பியை என் வாசற்படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். உன் தலையில் தேய்க்கும் வாசனை எண்ணெய் இன்னும் அதற்குள் மணக்கிறது. செத்து நாற்பது நாள் ஆகியும் உன் பவுசு போகவில்லை பார். கொஞ்சம் வைக்கோல் போட்டுக் கோழியை அதில் அடைக்கு உட்கார வைத்துவிட்டேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்த படிப்பு வேறு எதற்கு? உன் கல்லறையில் பூ வைக்கிறவர்கள் வைக்கட்டும். என்னிடம் இருப்பது இதுதான்.

நம் ஆட்களில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் படகில் நின்று பிடித்து, கீழிருந்து இழுத்ததும் மேலே தூக்க வேண்டும். தன் அக்காள் தாலி கையில் இருக்கிறதே என்ற பயம் அவன் ஒருவனுக்குத்தான் இருக்கும். அதனால்தான் எங்கள் கல்யாணம் முடிந்த மறுவாரமே உன் மச்சான் பழைய ஆளை நிறுத்திவிட்டு உன்னைப் படகில் ஏற்றினார். இனி என் மச்சினன் இருக்கிறான், எனக்கென்ன கவலை என்று படகுக்காரரிடம் பெருமையாகச் சொன்னாராம். உனக்கு அப்போது பத்தொன்பது வயது.

உனக்குக் கப்பல் என்றால் கிறுக்கு. எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, கொடி என்ன நிறம், மேல்தட்டில் யார் நிற்கிறார்கள் என்று சோற்றை ஆறவிட்டுப் பேசுவாய். அவரும் சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் கேட்டேன், மூதேவி.

அவரை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் கலைந்த மாலையில் நீ அடுப்படிக்கு வந்து என் காலைப் பிடித்தாய்.

"அக்கா, கப்பல் ஒண்ணு வந்துதுக்கா. வெள்ளக்காரிய மேல நின்னு கையக் காட்டுனாளுவ. கயித்தப் படகுக் கட்டையில கட்டிட்டு, முன்னால போயித் துண்ட ஆட்டிக்கிட்டு நின்னுட்டேன்."

மற்றவர்கள் அவரவர் கயிற்றில் கண்ணாக இருந்திருக்கிறார்கள். கீழே அவர் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். மேலே இருந்தது கட்டைதான். நீ திரும்பி வந்து தூக்கியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று உன்னை அரிவாள்மணையால் வெட்டியிருக்க வேண்டும். வெட்டவில்லை. அம்மா உயிரோடிருந்தாள், உனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. யாரிடமும் வாயைத் திறக்காதே, இது தெரிந்தால் இந்தக் கரையில் ஒருத்தன் உன் கையில் கயிறு தரமாட்டான் என்று சொல்லி, தட்டில் சோறு போட்டு வைத்தேன். கேட்டவர்களிடம், மூச்சு அடைத்துவிட்டது என்றேன். மனதாரத்தான் உன்னை மன்னித்தேன்.

அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, துரைமார்கள் படகில் வந்து இறங்கிப் பொழுது போக வழி தேடினார்கள். படகிலேயே கப்பல்காரர்களிடம் பொறுக்கிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு நீ அவர்களுக்கு ஊர் காட்டக் கிளம்பினாய். இறங்குதுறை, கடற்கரை ரோட்டில் டச்சுக்காரன் காலத்துச் சரக்குக் கிட்டங்கி, எழுத்து தேய்ந்த கல்லறைகள், மாதா கோயில், அதற்குப் பின்னால் நம் சந்து. கடைசியில் என் வாசல்.

நம் வீட்டு நிலைக்கதவு பழசு, அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றாய். வெள்ளைச் சேலை உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்கும் என்றாய். நானும் உட்கார்ந்தேன். நீ கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்வாய். அவர்கள் கதவைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். ஒரு துரைசானி என் கையைப் பிடித்து அழுதாள். என் தம்பிக்கு எவ்வளவு மதிப்பு என்று நான் பூரித்துப்போய், ரேஷன் சர்க்கரையில் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஆறு மாசம் கொடுத்தேன்.

ஒரு நாள் உன் கூட்டத்தோடு யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருத்தி வந்தாள். இலங்கைக்குத் தோணி கிடைக்காமல் இங்கே காத்திருந்தவள். எல்லாரும் போன பிறகு தனியாகத் திரும்பி வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உங்கட புருசன் குடிச்சுப்போட்டுக் கடலுக்குள்ள இறங்கினவர் எண்டு இந்தாள் சொல்லுது. தான் குதிச்சுத் தேடித் தூக்கினதாயும் சொல்லுது. உண்மையோ?"

எங்கள் கல்யாண விருந்தில் கையில் கொடுத்த கிளாஸைக்கூட உன் பக்கம் தள்ளிவிட்ட மனுஷன் அவர். அவரைக் குடிகாரன் ஆக்கினாய். என்னைக் குடிகாரன் பெண்டாட்டி என்று என் வாசலிலேயே உட்கார வைத்து, ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினாய். நான் உன்னைக் காப்பாற்ற மூடிய வாய் இருக்கிறதே, அந்த மௌனத்தின் மேல் ஏறி நின்றுதான் நீ வீரனானாய்.

அந்த நர்ஸிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன். கயிறு பிடித்தவன் இவன்தான் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். மாவாட்டும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் அதையே முணுமுணுத்தேன். ஜெபமாலையைக்கூட நான் அவ்வளவு பக்தியோடு சொன்னதில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். உன் கதை முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தொப்பியைக் கழற்றியதும் எழுந்து, உன் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினேன்.

"ஹீ ஹெல்ட் த ரோப்."

உன் முகம் வெளிறிப் போனது. ஒரு நெட்டைத் துரை உன்னிடம் என்னவோ கேட்டான். நீ பல்லைக் காட்டினாய். கிழவிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லியிருப்பாய். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. உடனே தமிழில் ஆரம்பித்தேன். கட்டை, கப்பல், நீ ஆட்டிய துண்டு, ஒன்றையும் விடவில்லை. சந்து முழுக்கக் கேட்டது. உள்ளே போ அக்கா என்று கெஞ்சினாய். நான் ஏன் போகவேண்டும்? என் வாசல்.

அன்றைக்குப் பிறகு நீ ஆட்களோடு சந்து முனையில் திரும்பினால் ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்தும். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. நீ வெறும் சுவரைக் காட்டிக்கொண்டு நடந்தாய். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

யுத்தம் முடிந்து, காய்ச்சலில் விழுந்து, சாமியார் வந்து சாவுக்கு முந்தின எண்ணெய் பூசிய பிறகு என்னை வரச்சொன்னாய். வந்தேன். எலும்பாகக் கிடந்தாய். சாமியார் பக்கத்திலேயே நின்றார்.

"பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா."

"ஒரு தடவ பொறுத்தேம்லே. அதத்தான் நீ வித்துத் தின்னுட்ட. இன்னொண்ணு எங்கிட்ட இல்ல."

உன் பெண்சாதி அதனால்தான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இருக்கட்டும். சாகிற தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லாத பாவி என்று ஊரும் பேசுகிறது. அவரைக் குடிகாரன் என்றபோது ஊருக்கு இங்கிலீஷ் தெரியவில்லை, பாவம்.

தினமும் காலைப் பூசைக்குப் போகிறேன். எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகத்தான் ஜெபம் சொல்கிறேன். பிறர் பிழையைப் பொறுக்கிறோம் என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். எல்லாரும் அதைத் தாண்டும்வரை காத்திருந்து, பிறகு சேர்ந்துகொள்வேன். சாமியார் இரண்டு முறை கவனித்துவிட்டார், கேட்கவில்லை. ஆண்டவரிடம் பொய் சொல்ல எனக்கு வராது. நான் இருக்கிறவரை அந்த இடத்தில் என் குரல் இருக்காது. நீ எங்கே கிடந்தாலும், தினமும் காலையில், அதைக் கேட்டுக்கொண்டிரு.